அப்டேட்டுக்குப் பிறகு இடம் மாறிய கையெழுத்துக் குறிப்புகள்: புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

உங்கள் நிறுவனத்தின் இ-ரீடரை (மின்னூல் படிக்கும் கருவி), திரையில் எழுதும் பேனாவோடு சேர்த்து வாங்கினேன். எழுதுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேனாவுக்குச் சார்ஜ் போட வேண்டாம், உள்ளங்கை திரையில் பட்டாலும் கோடு விழாது.

எனக்குக் கல்வெட்டு, செப்பேடு படிக்கும் பழக்கம் உண்டு. முஞ்சிறைப் பக்கத்துப் பார்த்திவபுரம் செப்பேட்டின் ஸ்கேன் பிரதியை பிடிஎஃப்பாக ஏற்றி, ஒவ்வொரு எழுத்துக்கும் மேலே என் வாசிப்பைப் பேனாவால் குறித்துவந்தேன். அது வட்டெழுத்து, அதாவது தமிழ் எழுதப் பயன்பட்ட பழைய எழுத்துமுறை. அதில் ப எது, வ எது என்று பிரித்தறியவே கண் வலிக்கும். குறிப்பு ஓர் எழுத்து தள்ளி நின்றாலே வாசிப்பு தப்பாகிவிடும்.

சமீபத்திய அப்டேட்டுக்குப் பிறகு அத்தனை குறிப்பும் ஒன்றரை வரி கீழே இறங்கிவிட்டது. புதிய மென்பொருள் பக்க ஓரத்தைத் தானாக வெட்டுகிறது. பக்கம் நகர்ந்துவிட்டது, என் எழுத்து மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. அந்த வசதியை அணைத்தால் பழைய குறிப்புகள் சரியாகின்றன. ஆனால் அப்டேட்டுக்குப் பின் எழுதியவை மேலே ஏறிவிடுகின்றன. ஆக, எப்படி வைத்தாலும் பாதி தப்பு.

போனில் பேசிய உங்கள் ஊழியர், "பேனா முனை தேய்ஞ்சிருக்கும் சார், மாத்திப் பாருங்க" என்றார். முனை தேய்ந்தால் இப்போது எழுதுவதுதானே கெடும்? இப்போது எழுதுவது தொட்ட இடத்திலேயே விழுகிறது, இடம் மாறியது முன்பு எழுதியது. அடுத்து பேசியவர் ரீசெட் செய்யச் சொன்னார். சரி, செய்தால் குறிப்புகள் என்னவாகும் என்று கேட்டேன். "அழிஞ்சிடும்" என்றார், சாதாரணமாக!

கருவி வாரன்டியில்தான் இருக்கிறது. மென்பொருளைத் திருத்தி, பழையதும் புதியதும் தத்தம் இடத்தில் நிற்கச் செய்யுங்கள். அதுவரை முந்தைய பதிப்புக்குத் திரும்ப வழி கொடுங்கள், ஒரு குறிப்பும் அழியாமல். முடியாதென்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள். 15 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு நான் அலைய வேண்டியதில்லை.

ஒரே பக்கத்தை இரண்டு நிலையிலும் எடுத்த படங்களையும் பில் நகலையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்