எத்தனை மட்டில்டா!

அன்புள்ள விஜயா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்துக்கு வர முடியாமல் போனதில் எனக்கும் வருத்தம்தான். முழங்கால் வலி குறைந்தபாடில்லை, மாடிப்படியைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்துவிட்டதால் இவர்கள் வீடு மாறும் அமளி வேறு. நான் ஒரு மூலையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கிலாந்து வரலாற்றைப் பாதியில் மூடிவிட்டேன் என்கிறாயே! எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் ஒரு மட்டில்டா நிற்கிறாள், எவள் யாரென்றே புரியவில்லை என்று புலம்பியிருக்கிறாய். மூடாதே. கதை சூடு பிடிப்பதே அங்கேதான். பட்டங்களையும் ஊர்ப்பெயர்களையும் விட்டுத்தள்ளிவிட்டு, கல்யாண வீட்டில் யார் யாருக்கு என்ன முறை என்று விசாரிப்போமே, அப்படிப் பார்.

முதலில் பாட்டி. ஃபிளாண்டர்ஸ் மட்டில்டா. 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மண்டி வில்லியமின் மனைவி. அந்தப் படையெடுப்புக்காகக் கணவனுக்கு 'மோரா' என்ற கப்பலைக் கொடுத்தவள். 1083-இல் இறந்தாள். பாட்டிக்கு இவ்வளவு போதும்.

அவள் மகன் முதலாம் ஹென்றி. 1100-இல் பட்டத்துக்கு வந்த கையோடு ஸ்காட்லாந்து அரசனின் மகள் எடித்தைக் கல்யாணம் செய்துகொண்டான். தாய் வழியில் அவள் பழைய ஆங்கிலேய அரச வம்சம். அதில் அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஆனால் அவள் வளர்ந்தது கன்னியர் மடத்தில், அம்மாவின் சகோதரியான துறவி கிறிஸ்டினாவின் பிடியில். துறவி ஆனவளை எப்படிக் கட்டுவது என்று பேச்சு கிளம்பியது. எடித் நேராகப் பேராயர் ஆன்செல்மிடம் போனாள். "கறுப்பு முக்காட்டைக் கிறிஸ்டினாதான் கட்டாயப்படுத்திப் போர்த்தினார். அவர் தலை மறைந்ததும் நான் அதைக் கழற்றித் தரையில் போட்டு மிதிப்பேன்" என்கிற மாதிரி சொன்னாளாம்! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. திருச்சபைப் பெரியவர்கள் லாம்பெத்தில் கூடி விசாரித்துவிட்டுக் கல்யாணத்துக்குச் சம்மதித்தார்கள்.

நார்மன் பிரபுக்களுக்கோ ஆங்கிலேயப் பெயர் என்றாலே இளக்காரம். அரசனையும் அரசியையும் 'காட்ரிக், காட்கிவா' என்று நாட்டுப்புறப் பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். எடித்தும் மட்டில்டா ஆகிவிட்டாள். சின்ன வயதில் ஞானஸ்நானத்தின்போது அவளுக்கு ஞானத்தாயாக நின்றவளே அந்தப் பாட்டி மட்டில்டாதான்.

1102-இல் எடித்துக்குப் பிறந்தவள்தான் பேரரசி மட்டில்டா. சிறுமியாக இருக்கும்போதே ஜெர்மனிக்கு அனுப்பி, பேரரசன் ஐந்தாம் ஹென்றிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். 1125-இல் விதவையானாள். ஆனால் பேரரசி என்ற பட்டத்தைக் கடைசிவரை விடவில்லை. அப்பாவுக்கு முறையாகப் பிறந்த ஒரே மகன், இவள் தம்பி வில்லியம், 1120-இல் வெள்ளைக் கப்பல் மூழ்கியபோது இறந்திருந்தான். சின்னப் படகில் ஏறிவிட்டவன், கப்பலில் இருந்து அலறிய அக்காவைக் காப்பாற்றத் திரும்பினான். ஆட்கள் தொற்றி ஏற, படகும் கவிழ்ந்தது என்று அந்தக் காலத்துச் சரித்திர ஆசிரியர் மாம்ஸ்பரி வில்லியம் எழுதிவைத்திருக்கிறார். அந்த அக்கா, ஹென்றிக்கு வேறொருத்தியிடம் பிறந்தவள். அவள் பெயரும் மட்டில்டா. அந்தக் கப்பலில் ஏறாமல் பிழைத்த தம்பி வில்லியமின் மனைவி இருக்கிறாளே, அவளும் மட்டில்டா. அடித்துக்கொள்ளத் தோன்றுகிறதா?

சரி, சண்டைக்கு வருகிறேன். மகளுக்குத்தான் பட்டம் என்று ஹென்றி 1127-இல் எல்லோரிடமும் சத்தியம் வாங்கினான். பேரரசியின் அத்தை மகன் ஸ்டீபனும் சத்தியம் செய்தான். 1135-இல் ஹென்றி கண்ணை மூடியதும் அதே ஸ்டீபன் கடல் தாண்டி ஓடிவந்து முடிசூடிக்கொண்டான். அவன் மனைவி புலோன் மட்டில்டா. எடித்தின் தங்கை மேரி பெற்ற பெண், அதாவது பேரரசிக்குச் சித்தி மகள். நம் கணக்கில் பேரரசி அக்கா, இவள் தங்கை. அக்கா தங்கை சண்டை! இருவருக்கும் தாய்மாமன், ஸ்காட்லாந்து அரசன் டேவிட். மாமன் அக்கா பக்கம் நின்று படையெடுத்து வந்தார். 1139-இல் டர்ஹாமில் அந்த மாமனோடு சமாதானம் பேசி முடித்தவள் தங்கை. மாமன் மனைவி பெயரைக் கேட்காதே, கோபித்துக்கொள்வாய்.

1141 பிப்ரவரியில் லிங்கன் போரில் ஸ்டீபன் பிடிபட்டான். பேரரசி முடிசூட லண்டனுக்கு வந்தாள். வந்தவள் லண்டன்காரர்களிடம் முதலில் பணம் கேட்டாள். கணவனை விட்டுவிடு என்று தங்கை ஆள் அனுப்பிக் கெஞ்சியதற்கும் மசியவில்லை. அப்புறம் தங்கை கெஞ்சவில்லை. தேம்ஸின் மறுகரையில் படையை இறக்கி நாசம் செய்ய வைத்தாள். ஜூன் 24 அன்று லண்டனில் மணிகள் முழங்க, ஜனங்கள் ஆயுதத்தோடு கிளம்பினார்கள். விருந்துக்கு உட்கார இருந்த பேரரசி சாப்பாட்டை விட்டுவிட்டுக் குதிரையேறி ஓடினாள். முடி அவள் தலைக்கு ஏறவே இல்லை. செப்டம்பரில் வின்செஸ்டரிலும் தங்கையின் படை அவளைச் சுற்றி வளைத்தது. அவள் தப்பிவிட்டாள், அவளுக்குத் தூணாக இருந்த, அப்பாவுக்கு வேறொருத்தியிடம் பிறந்த அண்ணன் ராபர்ட் சிக்கிக்கொண்டான். ராபர்ட்டைக் கொடுத்து ஸ்டீபனை மீட்டாள் புலோன் மட்டில்டா.

பேரரசி 1142 குளிர்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு கோட்டையிலிருந்து வெள்ளைப் போர்வையோடு பனியில் நடந்து தப்பினாளே, எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1141 என்கிற அந்த ஒரு வருஷத்தில் கைவிட்டுப் போனதையெல்லாம் திரும்ப வாங்கியது மற்றவள். இன்னொன்றையும் கவனி. ஸ்டீபன் கட்சிக்காரர் எழுதிய சரித்திரத்தில், தங்கை படை நடத்தினால் ஆண்மகன் போல வீரம் என்று புகழ்ச்சி. அக்கா அதிகாரமாகப் பேசினால் பெண்ணுக்கு உரிய அடக்கம் இல்லை என்று ஏச்சு. ஒருத்தி புருஷனுக்காகக் கேட்டாள், இன்னொருத்தி தனக்காகக் கேட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம். அக்கா கொஞ்சம் நயமாகப் பேசியிருந்தால் லண்டன் தங்கியிருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அவள் அப்பன் எப்போது நயமாகப் பேசினான்?

புலோன் மட்டில்டா 1152-இல் போய்விட்டாள். அடுத்த வருஷமே ஸ்டீபன் இறங்கிவந்து, பேரரசியின் மகனை வாரிசாக ஏற்றுக்கொண்டான். 1154-இல் அவன் இரண்டாம் ஹென்றியாக முடிசூடினான். பேரரசி 1167 வரை இருந்தாள். ஹென்றியின் மகள், ஹென்றியின் மனைவி, ஹென்றியின் தாய் என்று அவள் கல்லறையில் பொறித்தார்கள். ஆண்களுக்கும் அந்த வீட்டில் பெயர்ப் பஞ்சம்தான்!

வம்சாவளியை ஒரு தாளில் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். புத்தகத்துக்குள் செருகிக்கொள். உன் தம்பிக்குக் கண் ஆபரேஷன் என்று போன முறை எழுதினாய், என்னாயிற்று? இந்தக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

அன்புடன்,
லலிதா