எங்கள் இயந்திரத்தின் எண்களை எங்களிடம் கொடுங்கள்

நூற்பு இயந்திரங்களையும் அவற்றின் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் செய்து விற்கும் நிறுவனங்களுக்கும், அவற்றின் சங்கங்களுக்கும்,

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். கோவை வட்டாரத்து நூற்பாலை ஒன்றில் மின் பராமரிப்புப் பொறுப்பைப் பார்ப்பவன் நான். உங்களில் ஒருவரிடமிருந்து எங்கள் ஆலைக்கு வந்த கடிதம்தான் இந்த மடலை எழுத வைத்தது. ரிங் பிரேம் என்னும் நூற்பு இயந்திரங்களில் பொருத்திய, அவற்றின் எண்களை இணையத்துக்கு அனுப்பும் கேட்வே பெட்டிகளுக்கான கிளவுட் சேவை இந்தக் காலாண்டோடு நிற்கிறது. புதிய சேவை வேண்டுமென்றால் புதிய பெட்டி வாங்க வேண்டும். இயந்திரத்தை இயக்கும் சிறு கணினியான பி.எல்.சி. எங்களிடம் பழைய மாடல்; அதற்கு அந்தப் பெட்டி ஒத்துவராது. இதுவரை சேர்ந்த தரவை மாதாந்திர அறிக்கைகளாக, பி.டி.எஃப். கோப்புகளாக மட்டும் இறக்கிக்கொள்ளலாம். ஆண்டு தவறாமல் சந்தா கட்டிய ஆலைக்கு இவ்வளவையும் ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

சேவையை நிறுத்துவது உங்கள் வணிக முடிவு. அதை எதிர்த்து நான் எழுதவில்லை. கூகுள் நிறுவனமே, கருவிகளை இணையத்தோடு இணைக்கும் தன் ஐ.ஓ.டி. கோர் சேவையை 2023 ஆகஸ்ட் 16 அன்று மூடியது. ஆனால் ஓராண்டு முன்பே அறிவித்துவிட்டுத்தான் மூடியது. அதை நம்பியிருந்தவர்கள் தங்கள் கருவிகளை வேறு சேவைக்குத் திருப்பிக்கொள்ள முடிந்தது, ஏனென்றால் அந்தக் கருவிகள் அனுப்பிய எண்களுக்கு என்ன பொருள் என்பது அவர்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. எங்கள் இயந்திரத்துக்குள் எந்த எண் எங்கே இருக்கிறது என்பதை நீங்கள் சொல்லவே இல்லை.

ஆகவே நாங்கள் கேட்பது ஒன்றுதான். நீங்கள் விற்ற ஒவ்வொரு இயந்திரத்துக்கும் அதன் ரெஜிஸ்டர் பட்டியலைக் கொடுங்கள். ரெஜிஸ்டர் என்பது பி.எல்.சி.யின் நினைவகத்தில் ஒரு எண் இருக்கும் இடம். நூலை முறுக்கும் கதிரின் வேகம் எந்த முகவரியில் இருக்கிறது, மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் எதில், நின்ற நேரம் எதில், எந்த எண்ணைப் பத்தால் வகுக்க வேண்டும், எது இரண்டு ரெஜிஸ்டர்களில் பிரிந்து கிடக்கிறது என்று சொல்லும் பட்டியல். உங்கள் பொறியாளர்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. அது இல்லாமல் உங்கள் பெட்டியே வேலை செய்திருக்காது.

எங்கள் மின் பலகையில் சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள எனர்ஜி மீட்டர்கள் இருக்கின்றன. அவற்றின் கையேட்டிலேயே முழுப் பட்டியலும் அச்சிட்டிருக்கிறது. இரண்டு கம்பிகளை இழுத்து இணைத்த அன்றே வோல்டேஜ், ஆம்பியர், யூனிட் எல்லாம் கணினிக்கு வந்துவிட்டன. பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய ரிங் பிரேமுக்கு அந்தச் சில பக்கங்கள் கிடைக்கவில்லை. கேட்டால், "அது நிறுவனத்தின் இரகசிய ஆவணம்" என்று பதில் வருகிறது. எங்கள் ஷெட்டில், எங்கள் மின்சாரத்தில், எங்கள் பஞ்சை நூற்கும் இயந்திரம் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது எங்களிடமிருந்து மறைக்க வேண்டிய இரகசியமா?

இந்த மறைப்பின் விலையை இரவு ஷிப்டில் வந்து பாருங்கள். எங்களிடம் பாலிடெக்னிக் முடித்த இளைஞர் ஒருவர் வேலை செய்கிறார். பி.எல்.சி. படித்தவர், நிரல் எழுதத் தெரிந்தவர். கேட்வே பெட்டி இல்லாத ரிங் பிரேம்களுக்கு அவர்தான் பெட்டி. மணிக்கு ஒரு முறை நோட்டுடன் ஒவ்வொரு பிரேமாகப் போய், திரையில் ஓடும் வேகத்தையும் மின்னோட்டத்தையும் பென்சிலால் எழுதுகிறார். வெக்கை, பஞ்சுத் தூசி, காது அடைக்கும் இரைச்சல். கடைசிப் பிரேமுக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் பிரேமின் எண் மாறியிருக்கும். காலையில் அலுவலகத்தில் இன்னொருவர் அந்தப் பக்கங்களைப் பார்த்து எக்செலில் தட்டச்சு செய்கிறார். ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் செலவானது என்ற கணக்கு எங்கள் கைக்கு வரும்போது இரவு ஷிப்டுக்காரர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

அண்மையில் ஒரு பிரேமின் மெயின் மோட்டார் நள்ளிரவுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதல் ஆம்பியர் இழுக்கத் தொடங்கியது. பேரிங் போகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டாம். அந்த எண் இயந்திரத்துக்குள் இருந்தது. திரையிலும் இருந்தது. நோட்டிலும்கூட ஏறியது. ஒரு மணிக்கு எழுதியதையும் இரண்டு மணிக்கு எழுதியதையும் மூன்று மணிக்கு எழுதியதையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத்தான் அந்த நேரத்தில் ஆள் இல்லை. விடியும் முன்பே பேரிங் இறுகி, மோட்டார் சுருள் எரிந்தது. மோட்டாருக்குப் புதிய சுருள் சுற்றிக்கொண்டு வரும்வரை பிரேம் நின்றது. எழுதியவர் மேல் ஒரு குறையும் கிடையாது. முகவரி தெரிந்திருந்தால், வரம்பு தாண்டியதும் என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்திருக்கும். படித்த பிள்ளையை எண் நகலெடுக்க வைத்திருக்கிறோமே என்று ஒவ்வொரு இரவும் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

பட்டியல் இல்லாமல் நாங்களே தேடிப் பார்க்கலாம்தானே என்று உங்கள் சர்வீஸ் பொறியாளர் சொன்னார். தேடினோம். பி.எல்.சி.யின் போர்ட்டில் கம்பியை மாட்டி, ரெஜிஸ்டர்களை வரிசையாகப் படித்து, வேகத்தைக் கூட்டியபோது எந்த எண் கூடுகிறது என்று பார்த்தோம். ஒரே நேரத்தில் பல எண்கள் கூடுகின்றன. அமைத்த வேகம் எது, உண்மையில் ஓடும் வேகம் எது? இரண்டு பதினாறு பிட் ரெஜிஸ்டர்களைச் சேர்த்தால் ஒரு எண் வருகிறது, வரிசையை மாற்றிச் சேர்த்தால் கோடிக்கணக்கில் வேறொன்று வருகிறது. இப்படிக் கண்டுபிடித்த எண்ணை நம்பி எந்த முதலாளியிடம் உற்பத்திக் கணக்குச் சொல்வது? அடுத்த முறை நீங்கள் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டுப் போனால் முகவரிகள் அதே இடத்தில் இருக்கும் என்பதற்கு என்ன உறுதி?

மற்றதெல்லாம் எங்களிடம் தயாராக இருக்கிறது. இயந்திரங்கள் எண்களைப் பரிமாறிக்கொள்ளும் மோட்பஸ் நெறிமுறை 1979இல் மோடிகான் வெளியிட்டது, இன்று யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அந்த எண்களைச் சுமக்கும் ஆர்.எஸ். 485 கம்பி 1,200 மீட்டர் வரை போகும், எங்கள் ஷெட்டுக்குத் தாராளம். தரவை இணையம் வழியே அனுப்பும் எம்.க்யூ.டி.டி. நெறிமுறை 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்கப் பிறந்தது, பலவீனமான இணைப்பிலும் தாக்குப்பிடிக்கும். பல கிளவுட் சேவைகள் அதை ஏற்றுக்கொள்கின்றன. பொதுச் சாலை வீட்டு வாசல்வரை வந்துவிட்டது, வாசல் கதவின் சாவி மட்டும் உங்கள் பையில் இருக்கிறது.

பாதுகாப்பு என்று நீங்கள் சொல்வதை நான் அலட்சியம் செய்யவில்லை. மோட்பஸில் கடவுச்சொல் கிடையாது. தவறான ரெஜிஸ்டரில் தவறான எண்ணை எழுதினால் இயந்திரமும் ஆளும் ஆபத்துக்குள்ளாகலாம். ஆனால் படிப்பது வேறு, எழுதுவது வேறு. ரெஜிஸ்டரைப் படிக்க மூன்றாம் எண் கட்டளை, எழுத ஆறும் பதினாறும். படிக்கும் முகவரிகளை மட்டும் கொடுங்கள், எழுதும் கட்டளைகளை பி.எல்.சி.யிலேயே தடுத்துவிடுங்கள். எங்கள் கேட்வே ஆலையிலிருந்து வெளியே மட்டுமே தரவை அனுப்பும், வெளியிலிருந்து உள்ளே வர வழி வைக்க மாட்டோம். வாரண்டி முடிந்து பல ஆண்டுகள் ஆன இயந்திரத்துக்கும் வாரண்டியைக் காரணம் காட்டி மறுப்பதை மட்டும் எங்களால் ஏற்க முடியவில்லை.

உங்களில் சிலர் ஐரோப்பாவிலும் விற்கிறீர்கள். அங்கே 2025 செப்டம்பர் 12 முதல் தரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. இணைய வசதியுள்ள பொருள் உருவாக்கும் தரவை, ஆலை இயந்திரமானாலும், அதைப் பயன்படுத்துபவர் கேட்டால் கட்டணமின்றி, கணினி படிக்கும் வடிவில் கொடுக்க வேண்டும். அந்த ஊர் ஆலைக்குச் சட்டம் சொல்வதால் கொடுப்பதை, இந்த ஊர் ஆலைக்கு நியாயம் சொல்வதால் கொடுக்கக் கூடாதா?

அரசிடமும் சொல்ல வேண்டியது இருக்கிறது. நான்காம் தொழிற்புரட்சி என்ற பெயரில் நட்சத்திர விடுதிகளில் கருத்தரங்குகள் நடக்கின்றன. மேடையில் ஓடும் படங்களில் எல்லா இயந்திரமும் புத்தம் புதியது. இங்கே இருபது ஆண்டு ஓடிய பிரேம் இன்னும் நல்ல நூல் நூற்கிறது, அதை எடைக்குப் போட எந்தச் சிறு ஆலைக்கும் மனமில்லை, பணமுமில்லை. உயரழுத்த மின் இணைப்புக்கு உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல் கட்டணம் கட்டுகிறோம். சுமையில்லாமல் சும்மா சுற்றும் கம்ப்ரசர்கூட முழுச் சுமை மின்சாரத்தில் கால் பங்குக்கும் மேல் தின்றுகொண்டிருக்கும். எது எந்த நேரத்தில் எவ்வளவு தின்கிறது என்று தெரியாமல் எதைக் குறைப்பது? மானியத்தில் வாங்கும் இயந்திரத்துக்காவது ரெஜிஸ்டர் பட்டியலைக் கட்டாயமாக்கலாம் என்று ஒரு அதிகாரிக்கும் தோன்றவில்லை. நூல் விலை, பஞ்சு விலை, மின் கட்டணம் என்று மூன்று பக்கமும் நெரிபடும் தொழிலில் எண்களையாவது எங்களுக்கு விட்டுவையுங்கள் என்று கெஞ்ச வேண்டிய நிலை யாரால் வந்தது?

சொல்ல வந்ததிலிருந்து விலகிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் இயந்திரங்கள் மேல் எங்களுக்கு மரியாதை உண்டு. அவை தரமானவை என்பதால்தான் இத்தனை ஆண்டுகள் ஓடுகின்றன, அவற்றை இன்னும் நன்றாக ஓட்டத்தான் இந்தக் கோரிக்கை. பணிவுடன் மீண்டும் கேட்கிறேன்: விற்ற இயந்திரங்களுக்கான ரெஜிஸ்டர் பட்டியலை, படிக்கும் முகவரிகளையாவது, மாடல் வாரியாக வெளியிடுங்கள். நிறுத்தப்போகும் சேவையில் கிடக்கும் எங்கள் தரவை, கணினியில் கணக்கிட வசதியான சி.எஸ்.வி. கோப்பாகக் கொடுங்கள். பட்டியல் கைக்கு வந்து, நாங்கள் வேறு கேட்வேக்கு மாறி முடிக்கும்வரை பழைய சேவையை நீட்டித்துக் கொடுங்கள், அந்த மாதங்களுக்கும் சந்தா கட்டத் தயாராக இருக்கிறோம். ஒப்பந்தத்தில் இரகசியக் காப்பு உறுதிமொழி வேண்டுமென்றால் அதிலும் கையெழுத்திடுகிறோம். இந்தக் காலாண்டு முடிவதற்குள் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
மின் பராமரிப்புப் பொறுப்பாளர்,
நூற்பாலை ஒன்று, கோவை வட்டாரம்