அலமாரிப் பூஞ்சணம்: துடைக்கும் முன் ஈரம் வரும் வழியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படுக்கையறை அலமாரியில் பூஞ்சணம் பிடித்தால் அந்துருண்டை போடுங்கள், கற்பூரம் வையுங்கள், பிளீச்சிங் தண்ணீரால் துடையுங்கள் என்று வீட்டுக் குறிப்புகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அந்துருண்டை பூச்சிக்கானது, ஈரத்தை உறிஞ்சாது. அதன் நெடியில் பூஞ்சண வாடை அமுங்கிப்போவதால் தொல்லை தீர்ந்ததுபோல் இருக்கும். கொஞ்ச நாளில் அதே மூலையில் அதே கறுப்புப் புள்ளிகள் எட்டிப்பார்க்கும்.

ஈரம் இரண்டு வழியில் வரும்: ஒன்று சுவருக்குள்ளிருந்து, மற்றொன்று அறைக் காற்றிலிருந்து. எது என்று தெரியாமல் செலவு செய்வது வீண். அலமாரியைக் காலி செய்து, மின்விசிறிக் காற்றில் சுவரின் மேற்பரப்பு உலர்ந்ததும், ஓரடிக்கு ஓரடி கெட்டி பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் இடைவெளியின்றி டேப்பால் ஒட்டுங்கள். கதவை வழக்கம்போல் மூடிவிட்டு இரண்டு நாள் கழித்துத் திறந்து பாருங்கள். தாளின் நம் பக்கம் வேர்த்திருந்தால் அது காற்றின் ஈரம். சுவர்ப் பக்கம் வேர்த்திருந்தால் சுவரின் ஈரம். இரு பக்கமும் வேர்ப்பதும் உண்டு. வெயில் நாளில் ஒட்டிவிட்டு ஒன்றுமில்லை என்று முடிவுகட்டக் கூடாது. பூஞ்சணம் வளரும் பருவத்திலேயே சோதிக்க வேண்டும்.

சுவரின் ஈரம் என்றால், கறை இருக்கும் இடமே பாதி விடையைச் சொல்லிவிடும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள் உப்புப் பூத்து, பூச்சு உதிர்ந்தால் அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஓதம். மேல் மூலையில் என்றால் கூரையையோ வெளிச்சுவர் விரிசலையோ பாருங்கள். நடுச்சுவரில் கறை, மறுபக்கம் குளியலறை என்றால் குழாய்க் கசிவு அல்லது டைல்ஸ் இடுக்கு. எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் தண்ணீர் மீட்டர் ஓடினால் குழாயில்தான் கோளாறு. மீட்டர் அசையவில்லை என்பதற்காகக் குளியலறையை விட்டுவிட வேண்டாம். கழிவுநீர்க் குழாயின் கசிவு மீட்டரில் தெரியாது. கறையின் விளிம்பில் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி, அந்தக் குளியலறையைச் சில நாள் பயன்படுத்தாமல் விடுங்கள். கறை உலர்கிறதா என்று பார்க்காதீர்கள், சுவர் அவ்வளவு சீக்கிரம் உலராது. கறை கோட்டைத் தாண்டுகிறதா என்பதே கேள்வி. தாண்டாமல் நின்றுவிட்டால் கசிவு குளியலறையிலிருந்துதான்.

இந்த நிலையில் உட்புறம் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. வழி அடைபட்ட தண்ணீர் இன்னும் மேலே ஏறும், இல்லையென்றால் பெயின்ட்டைக் கொப்புளமாகத் தூக்கும். கசிவை வெளிப்புறத்தில் அடைத்த பிறகும், ஓர் அங்குலக் கனம் உலர ஏறக்குறைய ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு.

காற்றின் ஈரம் வேறு கதை. அறை 28 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அலமாரிக்குப் பின்னுள்ள சுவர் 24 டிகிரியில் இருந்தால், அதை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தை நெருங்கிவிடும். பூஞ்சணத்துக்கு 80 சதவீதமே போதும், நீர்த்துளி நம் கண்ணில் படவே வேண்டியதில்லை. சுவர் ஏன் குளிர்கிறது? அலமாரிக்குள் அடைத்த துணி கம்பளிபோல் நின்று அறையின் சூட்டைச் சுவருக்கு விடுவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஏசி அறை இருந்தால் இன்னும் மோசம்.

ஆகவே காற்றுக்கு வழிவிட வேண்டும். தனி அலமாரியைச் சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி வையுங்கள். சுவரோடு கட்டிய அலமாரியில் தட்டுகளைப் பின்சுவருக்கு 2 அல்லது 3 செ.மீ. முன்பாகவே நிறுத்தி, கதவின் அடியிலும் உச்சியிலும் காற்றுத் துளைகள் போடச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் போட்டால் காற்று சுழலாது. இஸ்திரி போட்ட துணியில் ஆவி தங்கியிருக்கும், ஆறிய பிறகே உள்ளே போகட்டும். உள்ளே ஓர் ஈரப்பதமானியை வைத்து 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்து வாருங்கள்.

செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு அலமாரி காயாது. கால்சியம் குளோரைடு டப்பா நன்றாக உறிஞ்சும், ஆனால் சேரும் உப்புநீர் கவிழ்ந்தால் கீல் துருப்பிடிக்கும், தோல் பொருள் கெடும். இரண்டுமே இறுக மூடிய அலமாரிக்குத்தான். காற்றுத் துளை போட்ட அலமாரியில் வைத்தால் அறையையே உலர்த்தப் பார்த்து ஓய்ந்துபோகும்.

ஈரத்தின் வழியை அடைத்த பிறகுதான் துடைக்கும் வேலை. என்95 முகக்கவசம், கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். உலர்ந்த பிரஷால் தேய்த்தால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, சோப்புத்தூள் கரைசலால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். உடனே மின்விசிறி போட்டு உலர்த்த வேண்டும். பிளீச் டைல்ஸுக்குச் சரி. பிளைவுட்டில் அது மேலோடு நின்றுவிட, அதிலுள்ள தண்ணீர் மட்டும் உள்ளே இறங்கும். வினிகர், கழிப்பறை ஆசிட், அமோனியா எதனுடனும் அதைக் கலக்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும். உப்பிப்போன பார்ட்டிகிள் போர்டை (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) காப்பாற்ற முடியாது, கழற்றி எறியுங்கள். பூஞ்சணம் ஒரு சதுர மீட்டருக்கு மேல் பரவியிருந்தாலோ வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தாலோ இந்த வேலை தெரிந்த ஆளைக் கூப்பிடுவது நல்லது.

துணிகளை வெளியே உதறி, தாங்கக்கூடியவற்றை 60 டிகிரி வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவையுங்கள். ஈரப்பதமானி ஒரு வாரம் தொடர்ந்து 60-க்குக் கீழே நின்ற பிறகே அவற்றை உள்ளே அடுக்கலாம்.

இப்படிக்கு,
கட்டடப் பராமரிப்புத் தொழிலில் உள்ள வாசகர்