இலையைப் பார்க்காதீர்கள், பட்டையைப் பாருங்கள்: மாநகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கும் பூங்காப் பிரிவு அலுவலர்களுக்கும்,

வணக்கம். பேருந்து நிலையச் சாலையில் கடைப் பலகையை மறைத்த மூன்று வேப்பமரங்களின் பட்டையை யாரோ இரவோடு இரவாக, ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றிலும் உரித்துவிட்டார்கள். புகாரும் படங்களும் உங்கள் அலுவலகத்தில் இருக்கின்றன. இரண்டு மாதம் கழித்து வந்த பதில்: "மரங்கள் பசுமையாக உள்ளன. நடவடிக்கை தேவையில்லை." தாவரவியல் கற்பிக்கும் எங்களால் இந்த ஒரு வரியைக் கடந்துபோக முடியவில்லை. பட்டை உரிக்கப்பட்ட மரம் பசுமையாகத்தான் இருக்கும். அதன் ஆபத்தே அதுதான்.

அடிமரத்தில் நீரும் உணவும் வெவ்வேறு தடங்களில் போகின்றன. வேர் உறிஞ்சும் நீர், கட்டையின் வெளிப்பகுதியான சாற்றுக்கட்டையில் உள்ள சைலக் குழாய்கள் வழியே மேலே ஏறுகிறது. அந்தக் குழாய்கள் உயிரற்ற செல்களின் வெற்றுச் சுவர்கள். இலையில் நீர் ஆவியாகும்போது உண்டாகும் இழுவிசை, நீரை உச்சிவரை இழுத்துக்கொண்டு போகிறது. இலை தயாரித்த சர்க்கரையோ புளோயம் வழியே வேருக்கு இறங்குகிறது. புளோயம் பட்டையின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய அடுக்கு. அதன் சல்லடைக் குழாய்கள் உயிருள்ளவை. சைலத்துக்கும் புளோயத்துக்கும் இடையே தாளைவிட மெல்லிய கேம்பியம் இருக்கிறது. உட்பக்கம் புதுச் சைலத்தையும் வெளிப்பக்கம் புதுப் புளோயத்தையும் உண்டாக்குவது அதுதான்.

பட்டையை உரித்தவர் கட்டையைத் தொடவில்லை. ஆகவே நீர் ஏறுகிறது, இலை வாடவில்லை. ஆனால் வேருக்கு உணவு வரும் வழி அன்றே அடைபட்டுவிட்டது. சேர்த்துவைத்த மாவுச்சத்தைத் தின்று வேர் சில மாதங்கள் பிழைத்திருக்கும்; பெரிய மரமானால் ஓராண்டுக்கு மேலும் தாங்கலாம். கையிருப்பு தீரத் தீர முதலில் நுனிவேர்கள் சாகும். நீர் உறிஞ்சுவது குறையும், உச்சிக் கிளைகள் காயும், பிறகு மரமே பட்டுப்போகும். அப்போது கோப்பில் "இயற்கையாகப் பட்டுப்போன மரம்" என்று எழுதி ஏலம் விட்டுவிடுவீர்கள். வேர் செத்த மரம் மழைக்காற்றில் யார் தலையில் விழும் என்பதை எந்த ஏலமும் கேட்டுக்கொண்டிருக்காது.

தயவுசெய்து ஒருமுறை நேரில் வந்து பாருங்கள். உரித்த இடத்தின் மேல்விளிம்பு உதடுபோலத் தடித்துப் பிதுங்கியிருக்கிறது. கீழ்விளிம்பு தட்டையாக வறண்டு கிடக்கிறது. மேலிருந்து வரும் சர்க்கரை இறங்க வழியில்லாமல் அங்கே தேங்கி நிற்கிறது. இத்தாலியரான மால்பிகி 17-ஆம் நூற்றாண்டிலேயே பட்டையை வளையமாக நீக்கி இந்த வீக்கத்தைக் கண்டு எழுதினார். கொய்யாவில் விண்பதியம் போடும் (மரத்தில் இருக்கும் கிளையிலேயே வேர் விடவைக்கும்) தோட்டக்காரரைக் கேட்டாலும் சொல்வார்: 2 அல்லது 3 செ.மீ. அகலத்தில் பட்டையை எடுத்து, கேம்பியத்தைச் சுரண்டி, ஈரப்பாசி வைத்துக் கட்டினால், வெட்டுக்கு மேலேதான் வேர் விடும். உங்கள் பூங்காக்களில் வேலை செய்பவர்களுக்கே தெரிந்த விஷயம் இது.

உரித்த அன்றே, கேம்பியம் காயாத இடங்களில் ஈரம் போகாமல் பாலித்தீன் தாளைச் சுற்றியிருந்தால் புதுப்பட்டை பிடிக்க வாய்ப்பிருந்தது. அதற்குப் பதிலாக நடந்தது என்ன? காயத்தின் மேல் சுண்ணாம்பும் காவியும் அடித்தார்கள். இரண்டு மாதங்கள் வீணாகிவிட்டன.

இன்னும் ஒரு வழி இருக்கிறது: பால ஒட்டு, அதாவது உரித்த இடைவெளியின் மேல் குச்சிகளைப் பாலம்போல ஒட்டி, சர்க்கரை இறங்க வழி செய்வது. மேலும் கீழும் பச்சையான பட்டை தெரியும்வரை விளிம்பைச் சீராக வெட்ட வேண்டும். அதே மரத்திலிருந்து விரல் பருமனுள்ள குச்சிகளை, இடைவெளியைவிட 10 செ.மீ. நீளமாக எடுத்து, இரு முனைகளையும் சாய்வாகச் சீவி, இருபுறமும் பட்டைக்குள் செருக வேண்டும். குச்சியின் அடிப்பக்கம் கீழேயே இருக்க வேண்டும். தலைகீழாக வைத்தால் பிழைக்காது. குச்சியின் கேம்பியமும் மரத்தின் கேம்பியமும் தொட வேண்டும். சுற்றிலும் 5 முதல் 8 செ.மீ.க்கு ஒரு குச்சி. சிறு ஆணியால் இறுக்கி, ஒட்டு மெழுகு பூசி, நிழல் கட்டி, குச்சியில் துளிர்க்கும் மொட்டுகளைக் கிள்ளிவிட வேண்டும். மூன்று மரங்களும் பிழைக்கும் என்று உறுதி தர மாட்டோம். வேரில் உயிர் இருக்கும்வரைதான் இது பலிக்கும். அதனால்தான் திரும்பவும் சொல்கிறோம்: இலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பட்டையைப் பாருங்கள்.

இந்த மூன்றோடு முடியவில்லை. நீங்கள் நட்ட கன்றுகளுக்குப் போட்ட இரும்புக் கூண்டுகளை, மரம் பெருத்த பிறகும் யாரும் கழற்றவில்லை. அடிமரம் ஆண்டுதோறும் பருக்கிறது, இரும்பு விரிவதில்லை. புளோயம் இரும்புக்கும் கட்டைக்கும் நடுவே நசுங்குகிறது. கேபிள் கம்பியும் அலங்கார விளக்குக் கம்பியும் செய்வது அதே கொலையைத்தான், மெதுவாக. அடிமரத்தை ஒட்டிக் கான்கிரீட் போட்டு வேரின் மூச்சையும் அடைத்திருக்கிறீர்கள். 2013-இலேயே டெல்லியில் மரத்தைச் சுற்றி 1 மீட்டருக்குக் கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. இங்கே நடைபாதை போடும் ஒப்பந்தக்காரரிடம் இதைச் சொல்ல யாருமில்லையா? தென்னைக்கும் பனைக்கும் கேம்பியமே கிடையாது. அதனால் அவற்றில் நீங்கள் அடிக்கும் ஆணியின் காயம் கடைசிவரை ஆறாது.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு கேட்பது இதுதான்: இந்த வாரத்துக்குள் ஒட்டுக்கட்டத் தெரிந்த ஒருவரை அந்த மூன்று மரங்களுக்கும் அனுப்புங்கள். "நடவடிக்கை தேவையில்லை" என்ற பதிலைத் திரும்பப் பெற்று, உரித்தவர்மீது காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். மரங்களை ஆய்வு செய்யும் படிவத்தில் பட்டையின் நிலைக்கு ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள். ஒட்டுக்கட்டும் நாளில் குச்சி சீவவும் மெழுகு காய்ச்சவும் நாங்கள் வருகிறோம். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இந்நகரின் தாவரவியல் ஆசிரியர்கள் சிலர்