ஒளி போய்விட்டது, ரேடியம் போகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய பொருள்களைச் சேர்ப்பவர்கள் பற்றி உங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையை ஆசையாகத்தான் படித்தேன். ஆனால் அதில் ஒரு படத்தில், முகப்புக் கண்ணாடி இல்லாத பழைய அலாரம் கடிகாரம் ஒன்றை ஒரு சின்னப் பையன் கையில் வைத்திருக்கிறான். அதைப் பார்த்ததில் இருந்து மனசு கேட்கவில்லை.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது. அப்பா ஓய்வு நேரம் முழுக்க கடிகாரம், ரேடியோ என்று எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டே இருப்பார். அவர் போன பிறகு பரணில் இருந்த அவருடைய தகரப் பெட்டியை இறக்கினோம். சால்டரிங் ஈயச் சுருள், சின்ன மருந்து பாட்டிலில் பாதரசம், மூடி துருப்பிடித்து என்ன இருக்கிறதென்றே தெரியாத ஒரு டப்பா, அப்புறம் அந்த அலாரம் கடிகாரம். இருட்டில் மின்னுவதற்காக எண்கள் மேல் பூசியிருந்த சாயம் பழுப்பேறி பொருக்கு விட்டிருந்தது. அண்ணன் மகன் அதை இருட்டறைக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இது மின்னவே இல்லை சித்தப்பா, வெறும் பெயின்ட்தான்" என்று பின்மூடியைத் திருக ஆரம்பித்தான். பிடுங்கி வைத்தேன். கொஞ்சம் சத்தமாகவே கத்திவிட்டேன், பாவம், பயந்துபோனான்.

அவன் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. அந்தச் சாயத்தில் ரேடியத்தோடு துத்தநாக சல்பைடைக் கலப்பார்கள். ரேடியத்தில் இருந்து வரும் கதிர்வீச்சு பட்டு மின்னுவது அந்த சல்பைடு. சில வருஷங்களில் அது நைந்துபோய் மின்னுவதை நிறுத்திவிடும், ஆனால் ரேடியத்தின் பாதி குறையவே 1,600 ஆண்டுகள் வேண்டும். எண்பது வருஷத்துக்கு முன் பூசியதில் நூற்றுக்கு நாலு பங்குகூட இன்னும் குறைந்திருக்காது. ஒளி போனால் ஆபத்தும் போயிற்று என்று நினைப்பது எவ்வளவு இயல்பு, எவ்வளவு தப்பு! (வண்டியில் ஒட்டுகிற ஸ்டிக்கரையும் நாம் ரேடியம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதில் ரேடியம் கிடையாது, அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் தாள். இப்போது வரும் மின்னும் கடிகாரங்களிலும் ரேடியம் இல்லை. நான் சொல்வது 1960-கள் வரை வந்தவற்றைப் பற்றி.) கண்ணாடியோடு மூடி இருக்கும் வரை அதனால் பெரிய ஆபத்து இல்லை. திறந்து, சுரண்டி, அந்தப் பொடி மூச்சிலோ வாயிலோ போவதுதான் ஆபத்து.

1920-களில் அமெரிக்காவில் இந்தச் சாயத்தைப் பூசிய பெண்கள் தூரிகை நுனியை உதட்டில் வைத்துத்தான் கூராக்கினார்கள். அப்படிச் செய்யச் சொல்லித்தான் வேலை கற்றுக்கொடுத்தார்கள். விளையாட்டுக்கு நகத்தில் பூசிக்கொண்டவர்களும் உண்டு. ரேடியத்தை உடம்பு கால்சியம் என்று எண்ணி எலும்பில் கொண்டுபோய் வைத்துவிடும். பல் விழுந்தது, தாடை எலும்பு அரித்தது, பலர் செத்தே போனார்கள். நியூ ஜெர்சியில் ஐந்து பெண்கள் வழக்குப் போட்டு, 1928-இல்தான் நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர்களுக்கு வலித்திருந்தால் யாரும் அந்தத் தூரிகையை வாயில் வைத்திருக்க மாட்டார்கள்.

"நாங்களும்தான் இதையெல்லாம் தொட்டு விளையாடினோம், எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?" என்று என் வயதுக்காரர்கள் கேட்கிறார்கள். நானும் விளையாடியவன்தான். உடைந்த தெர்மாமீட்டரில் இருந்து சிந்திய பாதரசத்தை உள்ளங்கையில் ஏந்தி உருட்டியிருக்கிறேன். நசுக்கினால் பத்தாகப் பிரியும், கிட்டே தள்ளினால் ஒட்டிக்கொண்டு மறுபடி ஒன்றாகிவிடும், கையில் ஈரமே படாது. செப்புக் காசில் தேய்த்தால் வெள்ளிக் காசு மாதிரி பளபளக்கும். தண்ணீரைப் போல 13.6 மடங்கு கனம், அப்பாவின் அந்தச் சின்ன பாட்டிலைத் தூக்கினால் இன்றைக்கும் கை திடுக்கென்று இறங்குகிறது. அவ்வளவு அழகான பொருளை எந்தக் குழந்தைதான் கீழே போடும்? ஆனால் அது அறை வெப்பத்திலேயே ஆவியாகிக்கொண்டிருக்கும், அந்த ஆவிக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தரை இடுக்கில் ஓடி ஒளிந்த உருண்டை மாதக்கணக்கில் அந்த அறையின் காற்றில் கலந்துகொண்டே இருக்கும். கை நடுக்கமும் மறதியும் பிற்பாடு வந்தால், சின்ன வயசில் உருட்டிய உருண்டையை யார் நினைத்துப் பார்க்கப் போகிறார்கள்?

கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) அப்படித்தான். பள்ளிக்கூட ஆய்வகத்தில் பன்சன் அடுப்பின் மேல் வைக்கும் கம்பி வலையின் நடுவில் வெள்ளை வட்டம் இருந்ததே, அது அந்தக் காலத்தில் கல்நார்தான். அது உதிர்ந்தால் நாங்கள் ஊதித் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தோம். 1950-களில் ஒரு சிகரெட்டின் வடிகட்டியிலேயே கல்நார் வைத்து, அதையே பாதுகாப்பு என்று விளம்பரம் செய்தார்கள். அது மூச்சில் போய், புற்றுநோயாக வெளியே தெரிய இருபது, நாற்பது வருஷம்கூட ஆகும்.

தபால்தலை சேர்ப்பவர்கள் தாளுக்குள் மறைந்திருக்கும் நீர்க்குறியைப் பார்க்க கார்பன் டெட்ராகுளோரைடு ஊற்றினார்கள், துணியில் எண்ணெய்க் கறை எடுக்கவும் அதுவேதான். கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிற சரக்கு. சால்டரிங் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: புகையாக எழுவது பெரும்பாலும் பிளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்டுவதற்குச் சேர்க்கும் பொருள்), அதுவும் நல்லதில்லை, ஆனால் ஈயம் உள்ளே போவது பெரும்பாலும் விரல் வழியாகத்தான், அதனால் கையைக் கழுவாமல் எதையும் தின்னாதீர்கள். பெட்ரோலில் ஈயம் கலப்பதை உலகம் முழுக்க நிறுத்தவே நூறு வருஷம் ஆயிற்று. கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021-இல்.

அப்பாவை நான் குறை சொல்லவில்லை. அவர் கையில் கொடுத்தவர்கள் யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. இன்றைக்கு நமக்குத் தெரியும், அதனால் பழைய பொருள்களைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது நாலு வரி சேர்த்துப் போடுங்கள். மின்னாத பழைய முகப்பைத் திறக்கவோ சுரண்டவோ வேண்டாம். பாதரசம் சிந்தினால் துடைப்பத்தால் கூட்டாமல், வாக்குவம் கிளீனரும் போடாமல், குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் ஒதுக்கி, பொடி உருண்டைகளை ஒட்டும் டேப்பில் எடுத்து, இறுக மூடும் பாட்டிலில் போட வேண்டும். சாக்கடையில் கொட்டவே கூடாது. பெயர் தெரியாத டப்பாவை மோந்து பார்க்க வேண்டாம். இவற்றை எங்கே ஒப்படைப்பது என்று விசாரித்து, அதையும் போட்டால் பலருக்கு உதவும்.

எங்கள் கடிகாரத்தை இரண்டு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டி, மூடியுள்ள டப்பாவில் தனியாக வைத்திருக்கிறேன். மேலே பெரிய எழுத்தில் "ரேடியம், திறக்காதே" என்று எழுதி ஒட்டியது அண்ணன் மகன்தான்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்