பாயை வெளியே வைத்த இரவு

கொருக்குப்பேட்டை,
16 பிப்ரவரி 2025

அன்புள்ள மங்கைக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. மகளுக்குப் பங்குனியில் வளைகாப்பு என்று படித்ததும், ராயபுரத்துப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் புளியங்கொட்டை வைத்து நாம் பல்லாங்குழி ஆடியதுதான் கண் முன்னால் வந்தது. நீ பாட்டியாகப் போகிறாய்! உன் மாமியாருக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததும் பெரிய நிம்மதி. இங்கே அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பெரியவன் அம்பத்தூருக்கு வேலைக்குப் போய் வருகிறான். சின்னவன் படிப்பை முடித்துவிட்டான்.

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் உன்னிடம் நான் சொன்ன ஒரு பொய். அதைத் திருத்தாமல் வளைகாப்புக்கு வந்து நிற்க எனக்கு மனம் வரவில்லை.

போன வருடம் தை மாதம் உன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நான் வரவில்லை. காய்ச்சல் என்று போனில் சொன்னேன். காய்ச்சல் எதுவும் இல்லை, மங்கை. பொதிகையில் டிக்கெட் எடுத்து, உனக்கென்று குத்துவிளக்கு வாங்கி, பையையும் கட்டி வைத்துவிட்டேன். கிளம்ப வேண்டிய மாலையில் பையின் தையல் ஓரங்களை டார்ச் அடித்துப் பார்க்க உட்கார்ந்தேன். ரயில் போன பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் பையில் மூட்டைப்பூச்சி ஒட்டிக்கொண்டு வந்து உன் புது வீட்டுக்குள் இறங்கிவிடும் என்ற பயம். இதைச் சொன்னால் நீ என்னை என்ன நினைப்பாய் என்ற பயம் அதற்கும் மேலே.

தொடக்கம் 2023 ஆடி மாதம். சின்னவன் விடுதியைக் காலி செய்துகொண்டு வந்தபோது படுக்கைச் சுருளையும் கொண்டுவந்தான். பத்து நாள் கழித்து, தலையணை உறையை உதறும்போது தையல் மடிப்பில் ஒன்று நகர்ந்தது. தோல் நீக்காத மைசூர்ப் பருப்பு அளவு, அதே செம்பழுப்பு நிறம், தட்டை. விரலால் நசுக்கினேன். அந்த நாற்றம் உனக்கு நினைவிருக்கும்.

மருந்தடிப்பவர் இரண்டு முறை வந்தார். முதல் தடவை அடிக்கும் மருந்துக்கு முட்டைகள் தப்பிவிடும், அவை பொரிய ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதனால் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அடிக்க வேண்டும் என்றார். 1940-களிலேயே டி.டி.டி.யைத் தாங்கப் பழகிக்கொண்ட பூச்சி இது, கடையில் விற்கும் ஸ்பிரேயை நீங்களாக வாங்கி அடித்தால் பக்கத்து அறைக்குத்தான் ஓடும் என்றும் சொன்னார். துணிகளைக் கொதிக்கும் நீரில் போட்டோம், மெத்தையை மொட்டைமாடி வெயிலில் காய வைத்தோம், கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினோம். புரட்டாசி பிறந்தபோது வீட்டில் ஒரு பூச்சி கூட இல்லை. அதற்குப் பிறகு இன்றுவரை ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

ஆனாலும் அடுத்த ஆறு மாதம் நான் தூங்கவில்லை.

உன் அம்மா சித்திரை வெயிலில் கட்டிலைத் தெருவில் போட்டுச் சந்துகளில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றுவார்களே, அதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எதிர்வீட்டு ஆயா கோரைப்பாயை நட்டுக்குத்தலாக நிறுத்தித் தட்டுவார். எங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் நசுக்கிய கறை வரிசையாக இருக்கும். யாரும் யாரிடமும் மறைக்கவில்லை. கடிபட்டுக்கொண்டே தூங்கினோம், காலையில் சொறிந்துகொண்டே பள்ளிக்கூடம் போனோம். அந்தப் பிள்ளைக்கு இல்லாத பயம் ஐம்பத்தோரு வயதில் எனக்கு எங்கிருந்து வந்தது?

ஒரு இரவு எப்படிப் போகும் என்று சொல்கிறேன். பதினொரு மணிக்குப் படுப்பேன். கணுக்காலில் ஏதோ ஊர்ந்த மாதிரி இருக்கும். எழுந்து டார்ச் அடிப்பேன். ஒன்றும் இருக்காது. மெத்தையின் நான்கு ஓரங்கள், தலையணை, கட்டில் மூலை, சுவர் விரிசல், ஸ்விட்ச் போர்டின் பின்பக்கம் என்று ஒரு சுற்று வருவேன். எம்.சி. ரோட்டில் வெள்ளை விரிப்பாகப் பார்த்து நான்கு வாங்கியிருந்தேன், கறுப்பாக எது இருந்தாலும் தெரியட்டும் என்று. தெரிந்ததெல்லாம் கடுகுத் தோல், நூல் பிசிறு, டீத்தூள். ஒருநாள் இரண்டு மணிக்கு ஒரு மிளகாய் விதையை செலோடேப்பில் ஒட்டி, விடியும்வரை நகருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிறிய தட்டை விதை. குஞ்சுப் பூச்சியும் அந்த நிறம்தான். அவரை எழுப்பிக் காட்டினேன். "மிளகாய் விதை, படு" என்றார். பத்து நிமிடம் நிம்மதியாக இருந்தது. பதினோராவது நிமிடம், தூக்கக் கலக்கத்தில் சொல்லியிருப்பாரோ என்று தோன்றியது.

நம் பக்கத்துக் கொசுவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கிங்காம் கால்வாயை ஒட்டிக் குடியிருந்துகொண்டு உடம்பில் ஒரு தடிப்பும் இல்லாமல் காலையில் எழ முடியுமா? ஒவ்வொரு தடிப்பையும் எண்ணுவேன். மூன்று தடிப்பு வரிசையாக இருந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

மூட்டைப்பூச்சி பட்டினியாகவே பல மாதம் உயிரோடு இருக்கும் என்று கைப்பேசியில் படித்தேன். அந்த ஒரு வரி என்னைச் சாய்த்துவிட்டது. கண்ணில் படவில்லை என்பதற்கு இனி அர்த்தமே இல்லை. எங்கோ ஒரு பொந்தில் காத்துக்கொண்டிருக்கலாமே! இந்தப் பூச்சி மனிதருக்கு எந்த நோயையும் பரப்புவதாகத் தெரியவில்லை என்பதும் அதே பக்கத்தில்தான் இருந்தது. அதைக் கண் படித்தது, மனம் வாங்கிக்கொள்ளவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்?

தையல் வேலையும் கெட்டது. ரவிக்கைத் துணி என்றால் ஊரார் வீட்டுத் துணி. வாங்கும்போதே பாலித்தீன் பையில் போட்டு முடிச்சிடுவேன். ஐம்பது டிகிரிச் சூட்டில் முட்டை முதல் எல்லாம் செத்துவிடும் என்று மருந்தடிப்பவர் சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு இஸ்திரிப் பெட்டியை ஒரே துணியின் மேல் நாலு முறை, ஐந்து முறை ஓட்டுவேன். ஒரு பட்டுத் துணி பொசுங்கியது. பதினைந்து வருடமாக என்னிடம் தைத்துக்கொண்டவர் அதோடு வரவில்லை. பஸ்ஸில் இடம் இருந்தும் பாரிமுனை வரை நின்றுகொண்டே போவேன்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டிருந்திருப்பேன். மிக்ஜாம் புயல் இரவைத்தான் தாங்க முடியவில்லை.

2023 டிசம்பர் 4. முதல் நாளிலிருந்தே விடாத மழை, கரண்ட் இல்லை. சாக்கடையும் மழைநீரும் கலந்து கீழ் வீட்டில் முழங்காலுக்கு ஏறிவிட்டது. கீழே குடியிருக்கும் அக்காவை உனக்குத் தெரியாது. காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறவர்கள். பேத்திக்கு மூன்று வயது. இருட்டில் படியேறி வந்தார்கள். ஒரு கையில் குழந்தை, தலையில் ஒரு மெத்தையும் சுருட்டிய பாயும். அந்த வீட்டில் நனையாமல் மிஞ்சியது அது மட்டும்தான். நான் மெழுகுவத்தியோடு கதவைத் திறந்தேன். வெளிச்சம் நேராகப் பாயின் ஓரத்தில் விழுந்தது. ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள். ஈரத்தில் பிடித்த பூஞ்சையாக இருக்கும். அப்போது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"நீங்கள் உள்ளே வாருங்கள் அக்கா, படுக்கையை மட்டும் வெளியே வையுங்கள்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையை உள்ளே விட்டுவிட்டு, படுக்கையைக் கூரையில்லாத படிக்கட்டில் வைத்தார். மழை அதன் மேல் அடித்துக்கொண்டே இருந்தது. அந்தக் குழந்தை அன்றைக்கு வெறும் சிமெண்ட் தரையில், என் சேலை ஒன்றின் மேல் படுத்தது. கொடுத்த சேலையையும் மறுநாள் கொதிநீரில் போட்டேன். அதை அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் தெருவில் யார் வீட்டிலும் வெள்ளத்தில் வந்தவர்களிடம் இப்படி நடந்துகொண்டதில்லை. அதற்குப் பிறகும் மூன்று மாதம் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நம் ஊரில் கீழ்ப்பாக்கம் என்றாலே என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். 1794-ல் தொடங்கிய மனநல ஆஸ்பத்திரி, இத்தனை தலைமுறையாக எத்தனையோ பேரைத் தேற்றி அனுப்பிய இடம், ஆனால் ஊர் வாயில் அந்தப் பெயர் வசவுதான். என்னையும் அப்படிச் சொல்லிவிடுவார்கள் என்று நடுங்கினேன். கடைசியில் அவர்தான் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மனநலப் பிரிவில் சீட்டு எழுதி, வரிசையில் உட்கார்ந்தோம். உட்கார்ந்தது அவர். நான் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த டாக்டர் அம்மா நான் சொன்னதை முழுவதும் கேட்டார். எண்ணச் சுழற்சி நோய், அதாவது ஓ.சி.டி. என்றார். வீட்டில் பூச்சி இல்லை என்று அவர் சத்தியம் செய்வார் என நான் எதிர்பார்த்தேன். அவர் செய்யவில்லை. "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அது தெரியாமலே உங்களால் படுக்க முடிய வேண்டும், அதற்குத்தான் வைத்தியம்" என்றார். ஒவ்வொரு முறை டார்ச் அடிக்கும்போதும் பயம் கொஞ்சம் இறங்குகிறது, இறங்கிய சுகத்துக்காக மனம் மறுபடியும் டார்ச்சைக் கேட்கிறது என்று விளக்கினார். ஒரு மாத்திரை எழுதினார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது என்றார். கூடவே பயிற்சி. பயப்படும் காரியங்களைச் சின்னதிலிருந்து பெரியது வரை எழுதி, ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். செய்த பிறகு சோதிக்கக் கூடாது, குளிக்கக் கூடாது, யாரிடமும் கேட்கவும் கூடாது.

என் பட்டியலில் முதல் வரி, பஸ் இருக்கையில் உட்காருவது. தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனை வரை உட்கார்ந்து போனேன். நெஞ்சு அடித்துக்கொண்டது, முதுகெல்லாம் வியர்வை. ராயபுரம் பாலம் தாண்டும்போது ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் ஏறிய பயம், நான் ஒன்றும் செய்யாமலே, தானாக இறங்கியது. அது எனக்குப் புதுச் செய்தி. இத்தனை மாதமும் நான் டார்ச் அடித்துத்தான் அதை இறக்கிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்.

அவருக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். நான் எதைக் காட்டிக் கேட்டாலும் 'ஒன்றும் இல்லை' என்று சொல்லக் கூடாது. பாவம், அதுதான் அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

பட்டியலின் கடைசி வரியில் 'கீழ் வீட்டு அக்கா பாய்' என்று எழுதியிருந்தேன். அக்காவிடம் முன்பே போய் மன்னிப்புக் கேட்டிருந்தேன். "புயல் நேரம், யாருக்குத்தான் புத்தி நிலையாக இருக்கும்?" என்று அவர் பேச்சை மாற்றிவிட்டார். போன நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் மழையில் மறுபடியும் தெருவில் தண்ணீர். அக்கா படுக்கையைத் தூக்காமல், குழந்தையை மட்டும் இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே வந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு கனத்தது. நான் கீழே இறங்கிப் போய் மெத்தையையும் பாயையும் நானே தூக்கிவந்து கூடத்தில் விரித்தேன். அக்கா கதவோரம் நின்றுகொண்டே இருந்தார். "வந்து படுங்கள் அக்கா" என்று சொல்லிவிட்டு, அந்தப் பாயின் ஒரு ஓரத்தில் நானும் படுத்தேன். குழந்தை காலை என் வயிற்றின் மேல் போட்டுக்கொண்டு தூங்கியது. எனக்கு மூன்று மணி வரை தூக்கம் வரவில்லை. கைப்பேசியை ஒருமுறை கையில் எடுத்தேன். டார்ச்சைப் போடாமல் கீழே வைத்தேன்.

முழுதும் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். போன வாரம் கூட ஒருநாள் ஸ்விட்ச் போர்டைப் பார்த்துவிட்டேன். மாத்திரை இன்னும் தொடர்கிறது.

உன் தங்கை மகள் கேஸ் அடுப்பை மூடினோமா என்று ஏழெட்டு முறை திரும்பிப் போய்ப் பார்க்கிறாள், வீட்டில் எல்லோரும் கேலி செய்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். தயவுசெய்து கேலி செய்ய விடாதே. ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கினால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யச் சொல். அரசின் டெலிமானஸ் சேவை, காசு இல்லை, தமிழிலேயே பேசலாம். நானாக இருந்தால் அவளைக் கூட உட்கார்த்தி வைத்து நானே போன் போட்டுக் கொடுப்பேன்.

வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்னதாகவே வருகிறேன். இம்முறையும் பொதிகைதான், கீழ் பெர்த் கிடைத்திருக்கிறது. குத்துவிளக்கு ஒரு வருடமாக இரண்டு பாலித்தீன் உறைக்குள் கட்டிலடியில் கிடந்தது. நேற்று பிரித்துப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். துணிகளோடு துணியாக, உறை இல்லாமல் கொண்டுவருவேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்காக மெத்தையை வெயிலில் போடாதே, புது விரிப்பு தேடாதே, எல்லோரும் படுக்கிற இடத்தில் எனக்கும் ஒரு பாய் போடு. நடு ராத்திரியில் உன்னை எழுப்பி, "மங்கை, ஏதாவது கடித்ததா?" என்று நான் கேட்டாலும் கேட்பேன். பதில் சொல்லாதே. கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திரு.

உன்,
வசந்தா