கையெழுத்துப் போட உரிமையில்லாத செவிலியர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடும்ப மருத்துவத்தில் நோயாளிகளைத் தாமே பரிசோதித்து மருந்தும் எழுதுகிற ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ என்ற பணி நமக்குத் தேவையில்லை என்றும், செவிலியர் கையில் மருந்துச் சீட்டைக் கொடுப்பது ஏழைகளுக்கு இரண்டாந்தர வைத்தியம் பார்ப்பதாகும் என்றும் சென்ற ஞாயிறு இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். 31 ஆண்டுகள் பெங்களூரில் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்ளே நின்று பார்த்த பழக்கத்தில் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

அல்சூரில் எங்கள் எதிர்வீட்டு அம்மாவுக்கு வயது 74; பிரஷரும் சர்க்கரையும் நெடுநாளாக உண்டு. இரண்டு மாதங்களுக்கு முன் கால் வீங்கியிருக்கிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றார். மகன் வேலைக்குப் போயிருந்ததால், பக்கத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறு மருத்துவமனைக்கு நான்தான் ஆட்டோவில் அழைத்துப்போனேன். அன்று மருத்துவர் விடுப்பு. அங்கிருந்த சிஸ்டர் பி.எஸ்சி. நர்சிங் படித்தவர், தமிழ் பேசுபவர். படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை பிரஷர் பார்த்தார். கணுக்காலில் பெருவிரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று கவனித்தார். பிறகு, “வீட்டுல சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் காட்டுங்கம்மா” என்றார். அந்த அம்மா துணிப்பையை மேசைமேல் கவிழ்த்தார். சிஸ்டர் அந்தக் குவியலிலிருந்து இரண்டு அட்டைகளை மட்டும் தனியே எடுத்து என்னிடம் நீட்டினார். கம்பெனிப் பெயர்கள் வேறு வேறு. உள்ளே இருந்ததோ ஒரே மருந்து, பிரஷருக்கான அம்லோடிபின் 5 மில்லிகிராம். ஒன்று அந்தச் சிறு மருத்துவமனையிலேயே முன்பு கொடுத்தது, மற்றது மகன் அழைத்துப்போன வேறொரு மருத்துவர் எழுதியது. அளவு கூடக்கூடக் கால் வீங்குவது அந்த மருந்தின் தெரிந்த குணம். எதிர்வீட்டிலேயே இருக்கும் மருந்தாளுநனான எனக்கு அந்தப் பையைப் பார்க்கத் தோன்றவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ‘இவற்றில் ஒன்றை நிறுத்தவும்’ என்று எழுதிக் கையெழுத்திட அந்த சிஸ்டருக்கு அதிகாரமில்லை. மருத்துவரைத் தொலைபேசியில் பிடிக்க முடியாமல், பெரிய மருத்துவமனைக்குக் குறிப்பெழுதி அனுப்பினார். அங்கே நான்கு மணி நேரம் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். முறை வந்ததும் மருத்துவர் சிஸ்டரின் குறிப்பைப் படித்தார், கால்களைப் பார்த்தார், ஒரு மருந்தின் பெயரை அடித்தார்; ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அவர்மீது எனக்குக் குறையில்லை, அவருக்குப் பின்னால் அறுபது பேர் காத்திருந்தார்கள்.

1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் ‘அட்டவணை எச்’ என்று ஒன்று உண்டு. அதிலுள்ள மருந்துகளைப் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டில்லாமல் விற்கக்கூடாது. ஆகவே செவிலியர் துணிந்து எழுதினாலும் என் போன்றவர்கள் மருந்தை எடுத்துத் தர முடியாது. அதே மருந்தைக் காலி அட்டையைக் காட்டிக் கேட்டால், சீட்டு எங்கே என்றுகூடக் கேட்காமல் எடுத்துக் கொடுக்கும் கடைகள் எத்தனையோ உண்டு என்பது ஊரறிந்த செய்தி. கடைப்பையன் நடைமுறையில் எடுத்துக்கொள்ளும் உரிமை, நான்காண்டு படித்துப் பட்டம் வாங்கிய செவிலியருக்குச் சட்டத்தில் இல்லை. இரண்டாந்தர வைத்தியம் எங்கே நடக்கிறது என்பதை அந்த வாசகரே யோசித்துப் பார்க்கட்டும்.

நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பணி 1965இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கிய பயிற்சியிலிருந்து வந்தது. தங்கவயலிலிருந்து வந்து பெங்களூரில் நர்சிங் படித்த என் தங்கை மகள் இன்று டெக்சாஸில் குடும்ப மருத்துவப் பிரிவில் இதே வேலையைச் செய்கிறாள். செவிலியர் பட்டத்துக்கு மேல் முதுகலைப் படிப்பும் தகுதித் தேர்வும் முடித்த பிறகே அந்தப் பெயர் கிடைத்தது. அப்படியும் அந்த மாநிலத்தில் மருத்துவருடன் எழுத்துமூலமான ஒப்பந்தம் இருந்தால்தான் அவள் மருந்து எழுதலாம். கொலராடோ போன்ற மாநிலங்களில் விதி இன்னும் தளர்வு. பிரிட்டனில் உரிய பயிற்சி பெற்ற செவிலியர்கள் 2006 முதல் பெரும்பாலான மருந்துகளைத் தாமே எழுதுகிறார்கள். நம் கல்லூரிகளில் படித்துப்போகும் பிள்ளைகளை அங்கே நம்புகிறார்கள்.

இங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். இந்திய செவிலியர் கவுன்சில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கென்று நர்ஸ் பிராக்டிஷனர் முதுகலைப் படிப்பை வகுத்தது. 2018இல் பிரசவப் பணிக்கும் வழிகாட்டு நெறிகள் வந்தன. மக்கள் வருடக்கணக்கில் மாத்திரைப் பையோடு நடக்கிற குடும்ப மருத்துவம்தான் விடுபட்டுப்போனது. 2019இன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 32ஆம் பிரிவில், சமூக சுகாதாரப் பணியாளர்கள் ஓர் எல்லைக்குள் மருத்துவம் பார்க்க வரையறுக்கப்பட்ட உரிமம் தர இடம் வைத்தது. இந்தப் பிரிவையும் எதிர்த்து மருத்துவர்கள் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் பிரிவின்படி உரிமம் பெற்ற ஒருவரை எங்கள் பகுதியில் இன்றுவரை நான் பார்த்ததில்லை.

மருத்துவர்களின் அச்சத்தில் ஒரு பகுதி நியாயமானது. செவிலியரை உட்காரவைத்துவிட்டு மருத்துவர் இடத்தைக் காலியாகவே விட்டுவிடலாம் என்று ஓர் அரசு கணக்குப் போட்டால், அதை நானும் எதிர்ப்பேன். ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு, தூக்க மாத்திரை ஆகியவற்றை இப்போதே கண்டபடி எழுதுகிறோம். எழுதும் கைகளை அங்கே கூட்ட வேண்டியதில்லை. நான் கேட்பது சிறிய இடம். மருத்துவர் ஏற்கெனவே நோயைக் கண்டறிந்து மருந்து தொடங்கிய பிரஷர், சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும், குறிப்பிட்ட பட்டியலிலுள்ள மருந்துகளைத் தொடரவும், அளவைக் குறைக்கவும், இரட்டிப்பாக வந்ததை நிறுத்தவும், குடும்ப மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் இரண்டாண்டு பயிற்சி முடித்த செவிலியருக்கு உரிமை வேண்டும்.

பெங்களூரில் நர்சிங் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. வார்டுதோறும் திறக்கப்பட்ட ‘நம்ம கிளினிக்’ என்ற அரசு மருத்துவமனைகளில் மருத்துவரோடு செவிலியருக்கும் இடமுண்டு. பாடத்திட்டத்தை 2023இன் தேசிய செவிலியர், மகப்பேறு செவிலியர் ஆணையச் சட்டத்தின்கீழ் வகுக்கலாம். ஆனால் படிப்பு மட்டும் வந்து மருந்து விதிகள் பழையபடியே இருந்தால், அவர் எழுதிய சீட்டை மருந்தாளுநர் ஜன்னல் வழியே திருப்பித்தான் கொடுப்பார். இரண்டையும் சேர்த்தே திருத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
அல்சூர், பெங்களூரு